எந்தக் கணக்கில் எழுதுவது?

2003 ஏப்ரலில் ஆப்பிள் தன் பாட்டுக் கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். திறந்த அன்றைக்கே அந்தக் கடைக்குச் சரக்குக் கொடுத்த ஐந்து பெரிய இசைக் கம்பெனிகளில் சோனி மியூசிக்கும் ஒன்று. வாக்மேன் செய்கிற சோனி, அமெரிக்காவில் 'கனெக்ட்' என்ற தன் சொந்தப் பாட்டுக் கடையைத் திறந்தது 2004 மே மாதம். சோனியின் பாட்டுகள் சோனியின் கடைக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னாடியே ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் காஸ்ட் அக்கவுண்டிங் பார்க்கிறவன் நான். ஒரு டிவிஷன் இன்னொரு டிவிஷனுக்குப் பொருளோ மென்பொருளோ கொடுத்தால் அதற்கு என்ன விலை போடுவது, அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்தால், சோனி மியூசிக் செய்ததில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆப்பிள் கடையில் ஒரு பாட்டு விற்றால் அதில் பெரும்பங்கு இசைக் கம்பெனிக்கு வருகிறது. சோனியின் சொந்தக் கடையில் விற்றாலும் கிட்டத்தட்ட அதேதான் வரும், ஆனால் அங்கே கூட்டம் இல்லை. பாட்டைக் காட்டிக் கருவியை விற்று வருகிற லாபம் முழுக்க வாக்மேன் டிவிஷன் ஏட்டில் ஏறும். வருஷக் கடைசியில் இசை டிவிஷன் தலைவரிடம், 'வாக்மேனுக்கு எவ்வளவு ஒத்தாசை செய்தாய்?' என்று யாரும் கேட்கப்போவதில்லை. 'உன் டார்கெட் என்ன ஆச்சு?' என்றுதான் கேட்பார்கள். அந்த மனிதர் என்ன செய்வார்?

ஒரே கூரை, தனித்தனி அடுப்பு. அண்ணன் வீட்டில் விறகு மிஞ்சிக் கிடந்தாலும் தம்பி வீட்டுக்கு அது கடனாகத்தான் போகும்.

அடுப்பைப் பிரித்தது ஒருநாள் கூத்து அல்ல. 1994-இல் நோரியோ ஓகா தலைமையில் சோனி தன்னைத் தனித்தனி உள்கம்பெனிகளாகப் பிரித்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி லாப நட்டக் கணக்கு, தனிப் பொறுப்பு. இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. அத்தனை பெரிய கம்பெனியில் எந்தப் பொருள் சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று தெரிய வேண்டாமா? நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்படிப் பிரிக்கத்தான் சொல்லியிருப்பேன். பிரித்தால் நோய் எங்கே என்று தெரியும். கூடவே, பக்கத்து அறையில் இருப்பவர் வெளியாள் ஆகிவிடுவார்.

விளைவு 1999-இல் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஒரே சமயத்தில் சோனியிடமிருந்து சிப்பில் பாட்டு ஏற்றிக் கேட்கும் இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று ஆடியோக்காரர்களின் மெமரி ஸ்டிக் வாக்மேன். இன்னொன்று வயோ கணினிக்காரர்கள் செய்த, பேனா போல இருந்த மியூசிக் கிளிப். முதலாவதற்கு மெமரி ஸ்டிக் என்ற சோனியின் நினைவக அட்டையைச் செருக வேண்டும், இரண்டாவதில் நினைவகம் உள்ளேயே இருந்தது. வாங்கப் போகிறவன் எதை வாங்குவான்? இரண்டையும் வைத்துவிட்டு வெளியே வந்திருப்பான்.

போதாததற்கு, அதே ஆண்டுகளில் அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம் ரியோ என்ற சின்ன எம்பி3 பிளேயரை விற்ற டயமண்ட் மல்டிமீடியா மேல் வழக்குப் போட்டு, 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. சோனி மியூசிக் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். கருவி செய்கிற சகோதரன் எம்பி3 பிளேயரை எப்படி விற்பது என்று யோசிக்கிறான், பாட்டு விற்கிற சகோதரனின் சங்கம் எம்பி3 பிளேயரை நீதிமன்றத்துக்கு இழுக்கிறது. இதற்கு நடுவில் பிறந்த பிள்ளைதான் ஏட்ராக் என்ற சோனியின் சொந்தப் பாட்டுக் கோப்பு வடிவமும் அதைச் சுற்றிய பூட்டு மென்பொருளும். உங்களிடம் இருக்கும் எம்பி3 பாட்டை வாக்மேனில் அப்படியே போட முடியாது; கணினியில் மாற்றி, பூட்டி, அதன் பிறகே ஏற்ற வேண்டும். இப்படிப் பாட்டு ஏற்றிக் கேட்கும் வாக்மேன்களில் எம்பி3 நேரடியாக ஓட 2004 கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐபாட் வந்தது 2001 அக்டோபரில்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்ப்பது தப்பில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் போராடி, 1984-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் ஜெயித்தது யார்? பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் விற்ற சோனி. எதிர்த்து நின்றவை யுனிவர்சலும் டிஸ்னியும். அப்புறம் 1988-இல் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைக் கம்பெனியை 200 கோடி டாலருக்கும், 1989-இல் கொலம்பியா பிக்சர்ஸ் என்ற படக் கம்பெனியை 340 கோடி டாலருக்கும் சோனியே வாங்கியது. வழக்கில் எதிர்த்தரப்பில் இருந்தவர்களின் கவலைகளையும் சேர்த்து விலைக்கு வாங்கிய மாதிரி ஆயிற்று. அதுவரை 'பதிவு செய்ய விடு' என்று சொன்ன கம்பெனிக்குள் 'பதிவு செய்ய விடாதே' என்கிற டிவிஷனும் குடிவந்துவிட்டது.

ஆப்பிளில் மட்டும் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஸ்டீவ் ஜாப்ஸின் மேதைமை பற்றி ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது. என் தொழிலில் இருப்பவன் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று: அங்கே முழுக் கம்பெனிக்கும் ஒரே லாப நட்டக் கணக்குதான். பாட்டுக் கடையில் காசு பெரிதாக நிற்காவிட்டாலும் ஐபாட் விற்றால் போதும், கடை நடத்துகிறவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. தவிர, அவர்களிடம் அழிந்துவிடுமே என்று பயப்பட ஒரு சிடி வியாபாரமும் இல்லை. இந்த இரண்டாவது காரணத்தைப் பலரும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

சோனிக்காரர்களுக்குச் சேர்ந்து வேலை செய்யவே தெரியாது என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அதுவும் பொய். சிடி எப்படி வந்தது? 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தபோது கூடவே தட்டுகளும் கடையில் இருந்தன, ஏனென்றால் சிபிஎஸ்/சோனி என்ற கூட்டு இசைக் கம்பெனி 1968-லிருந்தே கையில் இருந்தது. அதை வளர்த்தவர், முறையாக ஓபரா பாடக் கற்ற ஓகாவேதான். பாட்டுக்காரரும் கருவிக்காரரும் ஒரே உடம்புக்குள் இருந்தார்கள். அப்படி ஒரு மனிதர் கிடைப்பது அதிர்ஷ்டம். அவர் நாற்காலியை விட்டு எழுந்த பிறகு அந்த ஒத்துழைப்பும் எழுந்துபோகும் என்பதுதான் அதில் இருக்கும் சிக்கல்.

ப்ளேஸ்டேஷன் கதை அப்படியல்ல. என் தொழிலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை அது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கென் குடராகி என்ற சோனி எஞ்சினியர் நின்டெண்டோ கம்பெனியின் சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுக் கருவிக்கு ஒலிச் சிப் செய்து கொடுத்தார். அதைத் தொடர்ந்து இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து சிடி ஓடும் ஒரு விளையாட்டுக் கருவி செய்வதாகப் பேச்சு. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ, தாங்கள் பிலிப்ஸுடன் போவதாக அறிவித்தது. ஊரறிய நடந்த அவமானம். சோனிக்குள் பலருக்கும் விளையாட்டுச் சாமான் வியாபாரமே பிடிக்கவில்லை. ஓகா மட்டும் குடராகியின் பக்கம் நின்றார். தலைமை அலுவலகத்தில் இருந்தால் இந்தத் திட்டத்தை நசுக்கிவிடுவார்கள் என்று குடராகியையும் ஒரு சிறு குழுவையும் எடுத்து, தோக்கியோவின் அவொயாமாவில் இருந்த சோனி மியூசிக்கின் இடத்துக்கு அனுப்பினார்.

1993 நவம்பரில் சோனியும் ஜப்பானின் சோனி மியூசிக்கும் சேர்ந்து சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட் என்ற தனிக் கம்பெனியைத் தொடங்கின. கவனிக்க வேண்டியது இந்த இடம். இரண்டு டிவிஷன்கள் 'ஒத்துழைப்போம்' என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கள் மாடிக்குத் திரும்பிப் போகவில்லை. இருவருக்கும் பங்கு உள்ள ஒரு பிள்ளை பிறந்தது, அதற்குத் தனி ஏடு. எஞ்சினியர் செய்த செலவும் இசைக்காரர் செய்த செலவும் ஒரே ஏட்டில் விழுந்தன. லாபமும் அப்படித்தான்.

இசைக்காரர்கள் கொண்டுவந்த சமாச்சாரம் சாதாரணமானதில்லை. அப்போது விளையாட்டுகள் ரோம் கார்ட்ரிட்ஜில், அதாவது சிப் பொதிந்த சின்னப் பெட்டியில், வந்தன. அதைச் செய்து வரவழைக்க மாதக்கணக்கு ஆகும், முன்பணம் கட்ட வேண்டும். விற்காவிட்டால் தயாரிப்பாளர் தலையில் துண்டு. விற்றுத் தீர்ந்துவிட்டால் அடுத்த சரக்கு வருவதற்குள் மவுசு போய்விடும். இசைத் தட்டு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கோ இது தினசரிப் பாடம்: கொஞ்சமாக அச்சடி, கடையில் போட்டுப் பார், ஓடினால் சில நாளில் மறுபடி அடி. தட்டு அடிக்கும் ஆலை அவர்களிடமே இருந்தது. விளையாட்டு எழுதுபவர்களைப் பாடகர்களைப் போலத் தேடிப் பிடிக்கவும், தாங்கிப் பிடிக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிலிக்கான் மட்டுமே தெரிந்த ஒருவரின் மூளையில் இதெல்லாம் உதித்திருக்காது. 1994 டிசம்பர் 3 அன்று 39,800 யென் விலையில் முதல் ப்ளேஸ்டேஷன் வந்தது. கடைசியில் 10 கோடிக்கு மேல் விற்றது.

இங்கே என் அலுவலகக் கதை ஒன்று. எங்கள் செட்டாப் பாக்ஸ் டிவிஷனுக்கு ஒலியைச் சீராக்கும் ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. எங்கள் ஆடியோ டிவிஷனிடமே அது இருந்தது, நன்றாகவும் இருந்தது. ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று அவர்கள் கேட்ட உள்விலை, வெளியார் ஒருவர் கேட்டதைவிட அதிகம். ஆராய்ச்சிச் செலவை எங்கே மீட்பது என்று அவர்கள் கேட்டார்கள், நியாயம். மலிவாகக் கிடைப்பதை விட்டு ஏன் அதிக விலைக்கு வாங்க வேண்டும் என்று இவர்கள் கேட்டார்கள், அதுவும் நியாயம். வெளியாரிடமே வாங்கினார்கள். ஏற்கெனவே எழுதி முடித்த மென்பொருளை இன்னொரு பெட்டியில் ஏற்ற ஆடியோ டிவிஷனுக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். கம்பெனி என்று மொத்தமாகப் பார்த்தால் வெளியாருக்குக் கொடுத்தது கிட்டத்தட்ட முழுக்க வீண். இரண்டு டிவிஷன் ஏட்டிலும் அது மிச்சம் பிடித்ததாகவும் விலை காத்ததாகவும் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலாண்டில் இரண்டு மேனேஜர்களுக்குமே பாராட்டுக் கடிதம். தட்டச்சு செய்தது நான் இல்லை, ஆனால் எண்களைக் கொடுத்தது நான்தான்.

சோனிக்குத் திரும்புகிறேன். 2005-இல் ஹவர்ட் ஸ்ட்ரிங்கர் தலைமைக்கு வந்தார், அந்தப் பதவிக்கு வந்த முதல் வெளிநாட்டுக்காரர். டிவிஷன்களுக்கு இடையே உள்ள சுவரை உடைப்பதைப் பற்றி அவர் பேசாத மேடை இல்லை. அதே ஆண்டின் கடைசியில்தான், சோனியின் கூட்டு இசைக் கம்பெனியான சோனி பிஎம்ஜி வெளியிட்ட இசைச் சிடிகள் சொல்லாமல் கொள்ளாமல் கணினிக்குள் ஒரு மறைமுக மென்பொருளை நட்டு வைக்கின்றன என்ற விவகாரம் வெடித்தது. நகலெடுப்பதைத் தடுக்கிறேன் என்று செய்த வேலை. தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே குழுமம் விற்ற வயோ கணினியில் அந்தத் தட்டைப் போட்டிருந்தாலும் அதே கதிதான். பேச்சால் சுவர் உடையாது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

ஸ்ட்ரிங்கர் காலத்தில் ஒத்துழைப்பு உண்மையிலேயே பலித்த இடம், டிவிடிக்கு அடுத்து வந்த புளூரே தட்டு. அங்கே சோனி பிக்சர்ஸ் தன் படங்களைப் புளூரேயில் மட்டும் தந்தது, கருவிக்காரர்கள் பிளேயர் செய்தார்கள், 2006 நவம்பரில் வந்த ப்ளேஸ்டேஷன் 3 ஒவ்வொன்றும் உள்ளேயே ஒரு புளூரே பிளேயரைச் சுமந்துகொண்டு வந்தது. எதிர் முகாமில் மைக்ரோசாஃப்ட், புளூரேக்குப் போட்டியான எச்டி டிவிடி தட்டுக்குரிய டிரைவைத் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்குத் தனியாக விலை போட்டு விற்றது. வாங்க வேண்டுமென்றால் வாங்கலாம். 2008 பிப்ரவரி 19 அன்று அந்த முகாமின் தலைவரான தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. வழக்கில் ஜெயித்தும் சந்தையில் தோற்ற பீட்டாமேக்ஸுக்குப் பழி தீர்ந்தது என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள்.

யார் காசில் தீர்ந்தது என்று பார்க்க வேண்டாமா? அமெரிக்காவில் ப்ளேஸ்டேஷன் 3-இன் விலை 499 டாலரும் 599 டாலரும். அந்த விலைக்கும் நட்டத்தில்தான் விற்றார்கள். நீல லேசர் பாகம் போதுமான அளவு கிடைக்காமல் ஐரோப்பாவில் வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அந்த நிதியாண்டில் விளையாட்டு டிவிஷன் காட்டிய நட்டம் 23,000 கோடி யென்னுக்கு மேல். புளூரே வெற்றியில் படக் கம்பெனிக்கும் பிளேயர் டிவிஷனுக்கும் பங்கு உண்டு. சிலுவையைச் சுமந்தது விளையாட்டு டிவிஷன் ஏடு. அந்த ஆண்டே குடராகி தலைமையிலிருந்து விலகினார். நட்டத்தைக் குழுமம் முழுக்கப் பகிர்ந்து எழுதியிருந்தால் அந்த ஆண்டின் விளையாட்டு டிவிஷன் எவ்வளவு வேறு மாதிரி தெரிந்திருக்கும் என்று நான் அவ்வப்போது போட்டுப் பார்ப்பதுண்டு. தொழில் புத்தி.

2012-இல் கசுவோ ஹிராய் சோனியின் தலைமைக்கு வந்தார். 1984-இல் சிபிஎஸ்/சோனியில் சேர்ந்து, இசையிலிருந்து ப்ளேஸ்டேஷனுக்குப் போனவர். அவர் ஏற்றுக்கொண்டபோது முடிந்த நிதியாண்டின் நட்டம் 45,000 கோடி யென்னுக்கு மேல். 'ஒன் சோனி' என்று முழங்கினார். பலரும் அந்த முழக்கத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வெட்டியவை: 2014-இல் வயோவை விற்றார், டிவி வியாபாரத்தைத் தனிக் கம்பெனியாக ஆக்கினார். ஒத்துப்போக வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒரு வழிதான், யாரும் மேடையில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், 2011 டிசம்பரில் ப்ளேஸ்டேஷன் வீட்டா என்ற கையடக்க விளையாட்டுக் கருவி வந்தது. சோனிக்கு 1998 முதல் சொந்தமாக மெமரி ஸ்டிக் இருந்தது. 2010-இல் ஊரோடு ஒத்து எஸ்டி கார்டையும் ஏற்றுக்கொண்டார்கள். வீட்டாவுக்கு இரண்டும் ஆகாது. அதற்கென்றே மூன்றாவதாக ஒரு கார்டு. இதை யார் எந்த மீட்டிங்கில் ஒப்புக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு மாதச் சம்பளம் தரவும் தயார்.

ஆனால் ஒத்துழைப்பையே வேதமாகப் பிடித்துக்கொள்ளவும் நான் தயாரில்லை. சோனியின் கேமரா சென்சார் டிவிஷனைப் பாருங்கள். பத்தாண்டுக்கு மேலாக ஐபோனுக்குச் சென்சார் தருகிறது. 2022 டிசம்பரில் ஆப்பிளின் டிம் குக், சோனியின் சென்சார் ஆலை இருக்கும் குமமோட்டோவுக்கே போய் அதை வெளிப்படையாகச் சொன்னார். எக்ஸ்பீரியா போன் விற்கிற சொந்தச் சகோதரனுக்கு மட்டும்தான் நல்ல சென்சார் என்று தலைமை அலுவலகம் கட்டளை போட்டிருந்தால், எக்ஸ்பீரியாவும் பிழைத்திருக்காது, சென்சாரும் இந்த அளவு வளர்ந்திருக்காது. 2020-இல் வந்த எக்ஸ்பீரியா 1 மார்க் 2-இல் சோனியின் ஆல்ஃபா கேமராக்காரர்களின் கைவண்ணம் அழகாகவே இருந்தது. உண்மையான ஒத்துழைப்பு, நல்ல பொருள். வாங்க ஆள்தான் குறைவு. படங்களிலும் அப்படித்தான்: 2025-இல் உலகமே பாடித் திரிந்த 'கேபாப் டீமன் ஹன்டர்ஸ்' அனிமேஷன் படத்தைச் செய்தது சோனி பிக்சர்ஸ் அனிமேஷன், வெளியிட்டது நெட்ஃபிளிக்ஸ். இந்தியாவில் சோனிலிவ் இருந்தாலும், நெட்ஃபிளிக்ஸ் போல உலகம் முழுக்கப் பொதுவான ஸ்ட்ரீமிங் சேவை எதையும் சோனி நடத்தவில்லை, கேட்கிறவர்களுக்கு விற்கிறது. 2003-இல் சோனி மியூசிக் செய்ததும் இதுதானே? அன்று கேலி செய்தோம், இன்று சாமர்த்தியம் என்கிறோம்.

சேர்ந்தே ஆக வேண்டிய இடத்தில் 1993-இன் வழிக்கே அவர்கள் திரும்பியிருக்கிறார்கள். ஜப்பானில் சோனி மியூசிக்கின் கீழே அனிப்ளெக்ஸ் என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) கம்பெனி இருக்கிறது. அமெரிக்காவில் சோனி பிக்சர்ஸ் 2017-இல், அனிமே வெளியிடும் ஃபனிமேஷனை வாங்கியது. இரண்டு டிவிஷன்களும் ஒரே சந்தையில் முட்டிக்கொள்ளும் நிலை. 2019-இல் இருவரும் சேர்ந்து ஒரு கூட்டுக் கம்பெனி ஆக்கினார்கள், அது 2021-இல் க்ரஞ்சிரோல் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் சேவையை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. இசைக்காரருக்கும் படக்காரருக்கும் பிறந்த பிள்ளை, மறுபடியும் தனி ஏட்டோடு.

அந்த ஏட்டிலும் வேடிக்கை இல்லாமல் இல்லை. சோனியின் காலாண்டு அறிக்கையைத் திறந்தால் க்ரஞ்சிரோலின் வருமானம் 'படங்கள்' பிரிவில் இருக்கும். அனிப்ளெக்ஸ் 'இசை' பிரிவில். அனிப்ளெக்ஸின் ஃபேட்/கிராண்ட் ஆர்டர் என்ற செல்போன் விளையாட்டு பல வருஷமாகச் சம்பாதித்தது அத்தனையும் ஏறியது 'விளையாட்டு' பிரிவில் அல்ல, இசையில். 2025-இல் வந்த டீமன் ஸ்லேயர் அனிமே படம் ஜப்பானில் ஓடியபோது அனிப்ளெக்ஸ் வழியாக இசைக்கும், பல வெளிநாடுகளில் ஓடியபோது க்ரஞ்சிரோலும் சோனி பிக்சர்ஸும் வழியாகப் படங்களுக்கும் எழுதப்பட்டது. யாருக்கு எந்த நாடு என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டதால் இருவரும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிரிப்பை எழுதிய அக்கவுண்டன்ட் யாரோ, அவருக்கு என் வணக்கம்.